குறுக்கே நிற்காத துரை

போன கிழமை அரசாங்கக் காரியாலயமான கச்சேரியிலிருந்து இரண்டு இளம் கிளாக்கர்மார் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஏதோ பரீட்சை எழுதப் போகிறார்களாம். தடித்த ஆங்கில அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஷேர்க், டொட்ஜ், இவேட், பேக் அவுட் என்று ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, "ஐயா, எல்லாத்துக்கும் நழுவுறது, தட்டிக்கழிக்கிறது, பின்வாங்குறது எண்டுதான் இதில கிடக்கு. இதுகளுக்குள்ள என்ன வித்தியாசம்? உங்களுக்குத் தெரியும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்க" என்றார்கள்.

தெரியாமல் என்ன! செய்ய வேண்டிய வேலைக்குப் பஞ்சிப்பட்டு வீட்டில் படுத்துக்கொள்வது ஷேர்க். பொறுப்பு எதிரே வருவதைக் கண்டு பக்கத்து ஒழுங்கைக்குள் புகுந்துவிடுவது டொட்ஜ். கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கேளாத கேள்விக்கு மறுமொழி சொல்வது இவேட். காலையில் ஓம் என்றவன் பின்னேரம் காலை இழுப்பது பேக் அவுட். இதையெல்லாம் நான் அகராதியில் படிக்கவில்லை தம்பிமாரே, எனக்கு இவை ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்றேன். அதென்ன கதை, எழுதித் தாங்க என்று பிடித்த பிடியாய் நின்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் கச்சேரியில் துபாசியாக இருந்து இளைப்பாறி, இப்போது பென்சனில் இருப்பவன். துரை சொல்வதைத் தமிழிலும், சனங்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்வது வேலை. இனி அரசாங்கக் கந்தோரில் தமிழிலேயே விசாரணை நடக்கும், துபாசி தேவைப்படாது என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. சிலர் இதைச் செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் சொல்கிறார்கள். எனக்கென்ன துக்கம்? சந்தோஷமாகப் போகட்டும். மற்றவன் பேச்சை என் வாயில் போட்டுக்கொண்டு நான் வாங்கிய ஏச்சு எனக்குத்தான் தெரியும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் பாதிரியாரின் பிரம்படியில் ஆங்கிலம் படித்தேன். பிறகு கச்சேரியில் சில வருடம் நகல் எழுதினேன். பிறகு பரீட்சை, பிறகு இந்த வேலை. அதை விரித்துச் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்கமாட்டேன். வேலையின் சட்டத்தை மட்டும் சொல்ல வேண்டும். துரை 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'துரை இப்படிச் சொல்கிறார்' என்று நடுவில் வேலி போடக்கூடாது. ஒன்றும் கூட்டக்கூடாது, ஒன்றும் குறைக்கக்கூடாது. என்னைப் பார்த்துச் சொல்லப்படுவது எதுவும் எனக்குரியதில்லை. வந்ததை வந்தபடியே மறுபக்கம் கொடுத்துவிட்டு நான் ஆளில்லாதவன்போல் நிற்க வேண்டும்.

துரைமாருக்கு இது வசதி. சனங்களுக்கு இதெல்லாம் யார் விளங்கப்படுத்துவது? ஒருநாள் செங்கலடிச் சந்தையில் ஏறாவூர் முஸ்லிம் காக்கா ஒருவரிடம் மீன் கேட்டேன். நல்ல கொடுவா. அவர் என் முகத்தைப் பார்த்ததும் மீனைச் சாக்கால் மூடிவிட்டார். "நேத்துக் கச்சேரியில எனக்குக் காணி தர ஏலா எண்டு சொன்ன வாய்க்கு இண்டைக்கு என்ட மீன் கேக்குதோ?" என்றார். காணி கொடுக்க மறுத்தது துரை, மீன் கிடைக்காமல் போனது எனக்கு. அன்று வீட்டில் பருப்புத்தான்.

எங்கள் தலைமைக் கிளாக்கர் மிஸ்டர் அந்திராதோ, பழைய போர்த்துக்கீசர் வழிவந்த புளியந்தீவுப் பறங்கியர். வெள்ளைக் கோட்டும் கழுத்தை இறுக்கும் கொலருமாக, வேர்த்து ஊற்றினாலும் ஒரு பொத்தானைக் கழற்றமாட்டார். ஒரு முடிவு கேட்டு அவர் மேசைக்குப் போனால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து உதறுவார். ஒரு கண்ணாடியில் ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். திருப்தி வராது, திரும்ப ஊதுவார். பிறகு மற்றக் கண்ணாடி. அதற்குள் கேட்கப் போனவனுக்கே அலுத்து, "பிறகு வாறன் சேர்" என்று சொல்லிக்கொண்டு வெளியேறிவிடுவான். அந்திராதோ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். "பாத்தீரா? நான் வாயே திறக்கல்ல. அவனாத்தான் போறான்." சிரிக்காமல் இருக்க ஏலாது. மனுசன் கெட்டவரில்லை, நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் தன் கையாலேயே வெட்டித் தருவார். அவருக்கு ஆங்கிலத்தில் மிகவும் பிடித்த வசனம் 'நொட் ஃபோர் அஸ்'. இது நமக்குரியதல்ல என்று அர்த்தம். அவர் மேசைக்கு வந்த முக்கால்வாசிக் காரியம் அவருக்குரியதாக இருந்ததில்லை.

அது முப்பதுகளின் நடுவில் ஒரு மாரிகாலம். மழை விட்டபாடில்லை. வாவி நிரம்பி, மேற்கே படுவான்கரையில் வட்டை வட்டையாக வயல் தண்ணீருக்குள் போனது. எங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவே முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. வெள்ளம் மிஞ்சினால் அதை வெட்டி வாய் திறந்துவிட வேண்டும், வாவி கடலுக்குள் வடிந்துவிடும். கேட்பதற்கு லேசான காரியம். ஆனால் வேளை தப்பி வெட்டினால் கடல் உள்ளே ஏறிவிடும். உப்புப் பட்ட வயலில் பிறகு புல்லும் முளைக்காது. அதனால் கச்சேரி உத்தரவில்லாமல் யாரும் மண்ணில் கை வைக்கக்கூடாது, வைத்தால் மறியற்சாலைதான். முன்பு ஒருதரம் ஓர் அதிகாரி வேளை பிழைத்து வெட்டச் சொல்லி, மேலிடத்துக்கு விளக்கம் எழுதி எழுதியே அவருக்குத் தலை நரைத்தது. அதற்குப் பிறகு முகத்துவாரம் என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் கந்தோரில் எல்லோருக்கும் வேறு வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வெட்டுகிற சனங்களிடமும் ஒரு வழமை உண்டு. வெட்டச் சொல்கிறவர்தான் முதல் மண்ணை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது இன்னார் வெட்டின வாய் என்று அந்த ஆள் பேரிலேயே பேசப்படும். நன்மை வந்தாலும் நாசம் வந்தாலும் அவர் தலையில். மற்றவன் ஒருத்தனையும் குற்றம் சொல்லக்கூடாது. அந்த முதல் மண் விழாமல் பொன்னைக் கொட்டினாலும் ஒருத்தன் மண்வெட்டியைத் தூக்கமாட்டான்.

ஒருநாள் காலை படுவான்கரைச் சனங்கள் தோணி தோணியாக வந்து கச்சேரியின் முன்னே இறங்கினார்கள். அவர்களுக்காகப் பேசியவர் கந்தப்போடி. நெட்டையான மனுசன், கன்னம் ஒட்டி, வேட்டி தொடை வரைக்கும் நனைந்திருந்தது. அவருக்கு முன்னே எங்கள் உதவி அரசாங்க ஏஜண்டுத்துரை. வந்து ஒரு வருடமும் ஆகாத இளந்தாரி, வெட்கம் வந்தால் காது சிவந்துவிடும். அவருக்கு மேலான பெரிய துரை கொழும்புக்குப் போயிருந்தார். தந்திக் கம்பி எங்கேயோ அறுந்து கிடந்தது.

"நெல் வேளாண்மை கதிர் வாற குடலையில நிக்குது ஐயா" என்றார் கந்தப்போடி. "தலைப்பும் மறைஞ்சு போச்சு. இன்னும் ரெண்டொரு நாள் தண்ணி நிண்டா எல்லாம் அழுகிரும். மறுகா அடுத்த மாரி வரைக்கும் எங்கட புள்ளைகள் என்னத்தத் தின்னுற? முகத்துவாரத்தை வெட்டித் தாங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

ஒரு சொல்லும் விடாமல் துரைக்குச் சொன்னேன்.  வெட்டலாமா என்று பெரிய துரைக்கு ஒரு தந்தி எழுதி, கம்பி சரியானதும் அனுப்பச் சொல்லிவிட்டு, அவர் உடனே ஆட்களைக் கூப்பிட்டார். முகத்துவாரத்து விசயம் பார்க்க வேண்டிய ஊர்த் தலைவருக்கு ஆள் அனுப்பினால், அவருக்கு வயிற்றோட்டமாம், கட்டிலில் கிடக்கிறாராம். அனுப்பிய ஆள் திரும்பி வரும் வழியில் அவர் வீட்டுக் குசினியிலிருந்து இறைச்சிக்கறி வாசம் வந்ததாகச் சொன்னான். நீர்ப்பாசன எஞ்சினியரைத் தேடினால், சனங்களின் இரைச்சல் கேட்டதும் பின்படியால் இறங்கிக் குளக்கட்டுப் பார்க்கப் போய்விட்டாராம். கடைசியில் அந்திராதோவிடம் துரை கேட்டார்: "இன்றைக்கு வெட்டலாமா, கூடாதா?" அந்திராதோ கண்ணாடியைக் கழற்றினார். முழுக்கத் துடைத்து முடித்துவிட்டு, "போன வருசத்து மழை இதைவிட அதிகம், சேர்" என்றார்.

துரை கந்தப்போடியின் முகத்தை ஒருதரம் பார்த்தார். காது சிவந்தது. பின்னேரம் முகத்துவாரத்துக்கு வந்து வெட்டித் தருகிறேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். எனக்கு நம்ப முடியவில்லை. சத்தமாகத் தமிழில் சொன்னேன்: "பின்னேரம் நான் முகத்துவாரத்துக்கு வந்து வெட்டித் தாறன்!" சனங்கள் போட்ட சத்தத்தில் கூரைப் புறாவெல்லாம் எழும்பிப் பறந்தன. எனக்கும் சேர்ந்து கத்த வேண்டும்போல் இருந்தது, வேலையின் மானத்துக்காகப் பேசாமல் நின்றேன்.

பின்னேரம் கச்சேரி வள்ளத்தில் துரை, அந்திராதோ, நான் மூவரும் போனோம். மழை விட்டிருந்தது. வழி நெடுக அந்திராதோ துரையின் காதுக்குள் குனிந்து பேசிக்கொண்டே வந்தார். பழைய அதிகாரியின் கதை, அவர் எழுதிய விளக்கங்கள், அவருக்குக் கிடைத்த இடமாற்றம் எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னார். துரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. 

மணல்திட்டில் ஊரே மண்வெட்டியோடு நின்றது. ஒரு பக்கம் கலங்கிய வாவி விளிம்பு வரைக்கும் முட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் கடல் அடித்த அடியில் காது அடைத்தது. முகத்துவாரத்து மீன்பிடிகாரர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "கடல் வத்துது. இப்ப வெட்டினாச் சரி, விட்டா நாளைக்குத்தான்" என்றார்கள். கந்தப்போடி ஓடிவந்து எங்கள் முன்னே நின்றார்.

துரை ஆங்கிலத்தில் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கினார். போச்சுது என்று நினைத்தேன். துரைமார் அப்படித் தொடங்கினால் வேலை நடக்காது என்று அர்த்தம், எத்தனை வருடமாகக் கேட்டுவிட்டேன். மேலிடத்து அனுமதி இல்லாமல் தான் உத்தரவு கொடுக்க ஏலாது, ஆனால் சனங்களே வெட்ட விரும்பினால் தான் குறுக்கே நிற்கப் போவதில்லை என்று இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தார்.

என்ன செய்வது? சொன்னேன். "மேலிடத்து அனுமதி இல்லாம நான் உத்தரவு தர ஏலா. நீங்களா வெட்ட விரும்பினா நான் குறுக்கே நிக்கமாட்டன்."

 கந்தப்போடி என்னை உறுத்துப் பார்த்தார். "குறுக்கே நிக்க வேணாம். முன்னுக்கு நில்லுங்க. அதத்தானே கேக்கிறம்?" என்றார்.

அதையும் துரைக்குச் சொன்னேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு, தான் இதைச் செய்யாமல் விடுவதே நல்லது என்று நினைப்பதாகச் சொன்னார். அதுவும் ஆங்கிலத்தில் நயமான ஒரு வசனம், யாரையும் நோகாமல் காலை இழுப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னபோது நயமெல்லாம் போய்விட்டது. "நான் இதச் செய்யாம விடுறதுதான் நல்லம் எண்டு நினைக்கிறன்."

காலையில் ஐயா என்று கூப்பிட்ட கந்தப்போடிக்கு இப்போது மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "என்ன தம்பி பறையிறாய்? காலையில வந்து வெட்டித் தாறன் எண்டு ஊர் கேக்கச் சொன்னது உன்ட வாயா, வேற ஆர்ர வாயா? அங்க வேளாண்மை மூச்சுத் திணறிக் கிடக்கு, இஞ்ச நிண்டு நினைக்கிறாயோ? இந்தா, புடி!" என்று தன் மண்வெட்டியை என் கையில் திணித்துவிட்டார். "வெட்டு! வெட்டு!" என்று சனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

கனத்த மண்வெட்டி. பிடி அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.  உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். கீழே போட்டால் துரைக்காக நான் ஏலாது என்று சொன்னதாகும். வெட்டினால் துரைக்காக நான் ஓம் என்று சொன்னதாகும். இரண்டும் நானாகக் கூட்டிச் சொல்வதுதான், இரண்டுக்கும் எனக்கு உரிமையில்லை. அப்போதுதான் மூளையில் தட்டியது. இதுவும் அவர்கள் துரைக்குச் சொல்லுகிற பேச்சுத்தானே? என் கையில் வந்தது என்பதற்காக எனக்குரியதாகிவிடுமா? நான் கிறுகித் திரும்பி, மண்வெட்டியை இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினேன்.

"பைத்தியமா உமக்கு? கீழ போடும்!" என்று அந்திராதோ என் காதுக்குள் சீறினார்.

துரை திகைத்துப்போனார். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். "சொல்லிவிட்டார்கள், சேர். இதுதான் அவர்கள் சொன்னது. உங்களுக்குச் சொன்னது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 

அவர் வாயைத் திறந்தார். மறுபடியும் அந்த 'ஐ ஆம்' வந்தது, அதோடு நின்றது. என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். கந்தப்போடியைப் பார்த்தார். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கவும் இல்லை.  துரை மணலில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றி அதற்குள் திணித்தார், எழும்பி அந்திராதோவின் கையில் கொடுத்தார். வாங்கக் கை வராமல் நின்ற அந்திராதோ, வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். துரை மண்வெட்டியை எடுத்தார். "நான் வெட்டுகிறேன் என்று சொல்லும்" என்றார்.

"நான் வெட்டுறன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் மொழிபெயர்த்ததில் அதுபோல் இனித்த வசனம் வேறில்லை.

அவருக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாது. முதல் வெட்டு அரைக் கைப்பிடி மண்ணும் வராமல் சறுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது வெட்டில் மண் வந்து விழுந்ததும் ஊர் முழுக்க இறங்கிவிட்டது. துரையும் விலகவில்லை, வெள்ளைக் காற்சட்டை முழங்காலுக்கு மேல் சேறாக வெட்டிக்கொண்டே இருந்தார். நானும் ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். இனி என்ன, துரைதான் வெட்டிவிட்டாரே!

பொழுது சாயும்போது வாய்க்கால் கடலைத் தொட்டது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் அலை உள்ளே நுழைந்தது. துரையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த அலை வாய்க்காலின் பாதிவரை வந்து, தயங்கி, திரும்பிப் போனது. அதன் பின்னாலேயே வாவித் தண்ணீர் இழுபட்டது. கொஞ்சமாகத் தொடங்கி, இரண்டு பக்க மணலையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, மண்ணிறமாகக் கடலுக்குள் பாய்ந்தது. அப்பாடா! சனங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அந்திராதோ துரையின் சப்பாத்தை நெஞ்சோடு அணைத்தபடி, வீட்டில் பேசுகிற போர்த்துக்கீசில் ஏதோ சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கொலர்ப் பொத்தான் கழன்றிருந்ததை அன்றுதான் கண்டேன்.

அதோடு கவலை தீர்ந்துவிடவில்லை. வாவி பெரிது, வயலில் தண்ணீர் இறங்க நாள் எடுக்கும். பயிர் தாங்கியதோ அழுகியதோ யாருக்குத் தெரியும்? துரை கந்தோரில் இருந்துகொண்டு ஒன்றையும் வாசிக்காமல் பக்கங்களைப் புரட்டுவார். அந்திராதோ கேள்வி கேட்க ஆளில்லாமலே கண்ணாடியைத் துடைப்பார். தந்திக் கம்பி சரியானதும் அன்று எழுதிய தந்திக்குக் கொழும்பிலிருந்து பெரிய துரையின் மறுமொழி வந்தது. எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டோம். 'உமக்குத் தகுந்ததாகத் தோன்றுவதைச் செய்யவும்' என்று இருந்தது. துரை அதை இரண்டுதரம் வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்திராதோவும் சிரித்தார். நானும் சிரித்தேன், துரை முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல்தரம்.

அடுத்த நாள் காலை கந்தப்போடி தனியே வந்தார். வாசலில் செருப்பில்லாத காலோடு, வெற்றிலை போட்ட வாயோடு நின்றார். நான் கதிரையை விட்டு எழும்புவதற்குள் துரை என்னைக் கடந்து வெளியே போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை. அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் ஒன்றைப் பொறுக்கி, "வயல்?" என்று கேட்டார்.

கந்தப்போடி கையைத் தன் நெஞ்சில் வைத்தார். அங்கிருந்து மெல்ல இறக்கி வயிற்றுக்குக் கொண்டுவந்தார், தொடைக்குக் கொண்டுவந்தார், முழங்காலில் நிறுத்தினார். பிறகு மற்றக் கையின் விரல்களைக் குவித்து, அந்தக் கைக்கு மேலே நேராக நிமிர்த்தி வைத்தார். பயிர் நிமிர்ந்து நின்றது.

துரை அப்படியே படியில் குந்திவிட்டார். கந்தப்போடியும் பக்கத்தில் குந்தி வெற்றிலையை நீட்டினார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.